சவ்வு ஒரு சல்லடை இல்லை



இந்தக் கிழமை முதலில் ஒரு திருத்தம். கார்பன் டைஒக்சைட்டைப் பிடிக்கிற தொழில்நுட்பங்கள் பற்றிய எபிசோடில் நான் இப்படிச் சொல்லியிருந்தேன்: "பொலிமர் சவ்வு என்றால் சரியான மெல்லிய சல்லடை. சின்ன மூலக்கூறு போகும், பெரியது நிற்கும். அவ்வளவுதான்." அடுத்த நாளே, கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கிற ஒரு தங்கச்சி எழுதியிருந்தா: "அண்ணா, அப்பிடியெண்டால் றப்பருக்குள்ளால ஹைட்ரஜனை விட கார்பன் டைஒக்சைட் ஏன் வேகமாப் போகுது? பெரிய மூலக்கூறு எல்லோ?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் படித்தது கம்ப்யூட்டர் சயன்ஸ். இரண்டு வார இறுதி உட்கார்ந்து வாசித்தேன். நான் சொன்னது பிழை. அதுவும் சின்னப் பிழை இல்லை. சல்லடை என்று நினைத்தால், இந்தத் துறையில் கெமிஸ்ட்ரிக்காரர் இவ்வளவு காலமாக எதற்காக மல்லுக்கட்டுகிறார்கள் என்பதே விளங்காது. ஆகவே இந்தக் கடிதம் முழுக்க அந்தத் தங்கச்சியின் கேள்விக்கான பதில்.

பலூன் ஏன் சூம்பிப் போகிறது?

ஹாலில் பிறந்தநாள் முடிந்து மிஞ்சிய ஹீலியம் பலூன்களை வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பீர்கள். இரவு சீலிங்கில் முட்டிக்கொண்டு நிற்கும். காலையில் பார்த்தால் றப்பர் பலூன் தரையில் கிடக்கும். வெள்ளிக் காகிதம் மாதிரி மினுங்குகிற பலூன் மட்டும் இன்னும் மேலேயே நிற்கும். கட்டின முடிச்சு இளகவில்லை, ஓட்டையும் இல்லை. வாயு றப்பருக்குள்ளாலேயே வெளியே போயிருக்கிறது. மினுங்குகிற பலூனில் பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய உலோகப் படலம் இருப்பதால் அதற்குள்ளால் அப்படி இலகுவாகப் போக முடியாது.

இந்தக் கதையின் தொடக்கமும் லண்டன்தான். 1824இல், அல்பமார்ல் வீதியில் இருக்கிற ரோயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் பரடே இரண்டு றப்பர் தாள்களை ஓரத்தில் ஒட்டிப் பை செய்து, அதில் ஹைட்ரஜன் நிரப்பினார். றப்பர் பலூன் பிறந்தது அப்படித்தான். சில வருடங்கள் கழித்து, பிலடெல்பியாவில் ஜோன் மிட்செல் என்ற மருத்துவர் வேறு வேறு வாயுக்கள் றப்பருக்குள்ளால் வேறு வேறு வேகத்தில் போவதைக் கவனித்தார். ஆனால் அதை ஒழுங்காக அளந்து, காரணத்தையும் சொன்னவர் தோமஸ் கிரஹாம்.

நாணயச்சாலைத் தலைவரின் கணக்கு

கிரஹாம் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1837இல் யூனிவர்சிட்டி கொலிஜ் லண்டனுக்குப் பேராசிரியராக வந்தார். 1855இல் ரோயல் மிண்டின் தலைவர் ஆனார். ஐசக் நியூட்டன் ஒருகாலத்தில் இருந்த அதே பதவி. பள்ளிக்கூடத்தில் 'கிரஹாம் விதி' படித்திருப்பீர்கள்: ஒரு ஊசித்துவாரத்துக்குள்ளால் பாரம் குறைந்த வாயு வேகமாகவும், பாரம் கூடியது மெதுவாகவும் போகும். அந்தக் கிரஹாம் இவர்தான். அவர் விதிப்படி, ஊசித்துவாரத்தில் ஹைட்ரஜன் கார்பன் டைஒக்சைட்டை விட ஏறத்தாழ 4.7 மடங்கு வேகமாகப் போகவேண்டும்.

1866இல் அவர் துவாரத்துக்குப் பதிலாக மெல்லிய றப்பர் சவ்வை வைத்து அளந்தார். நைட்ரஜனின் வேகத்தை 1 என்று வைத்தால் அவருக்குக் கிடைத்தவை இவை:

மீதேன்: 2.148
ஒக்சிஜன்: 2.556
ஹைட்ரஜன்: 5.5
கார்பன் டைஒக்சைட்: 13.585

பாரம் கூடிய, பெரிய கார்பன் டைஒக்சைட் ஹைட்ரஜனை இரண்டரை மடங்கு முந்திக்கொண்டு போகிறது. தன் பெயரில் இருந்த விதியே இங்கே தலைகீழாகிறது. கிரஹாம் அதற்காகக் கணக்கை மறைக்கவில்லை. 'இங்கே துவாரமே இல்லை' என்ற முடிவுக்கு வந்தார். வாயு முதலில் றப்பரில் கரைகிறது, சீனி தேத்தண்ணியில் கரைவது போல. பிறகு றப்பருக்குள்ளால் பரவி மற்றப் பக்கம் போய், அங்கே ஆவியாகி வெளியேறுகிறது.

அவர் காற்றையும் பிரித்துப் பார்த்தார். நீங்களே கணக்குப் போடலாம். காற்றில் ஒக்சிஜன் 21, நைட்ரஜன் 79 என்று வையுங்கள். 21ஐ 2.556ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 53.7. நைட்ரஜன் 79 அப்படியே. மொத்தம் 132.7. அதில் ஒக்சிஜன் 40 சதவீதத்துக்குச் சற்று மேல். கிரஹாம் அளந்து கண்டதும் ஏறத்தாழ 41 சதவீதம். அணைந்து தணலாக இருக்கிற மரக்குச்சியை அந்தக் காற்றில் பிடித்தால் திரும்பப் பற்றிக்கொள்ளும். ஒரு துண்டு றப்பர் காற்றைப் பிரித்துவிட்டது.

தேர்த் திருவிழாவில் நடப்பது போல

ஆக, வாயு சவ்வைத் தாண்ட இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, எவ்வளவு கரைகிறது. மற்றது, கரைந்தபின் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் ஊடுருவல், அதாவது பெர்மியபிலிட்டி. இந்தத் துறையின் அடிப்படைச் சமன்பாடே இந்த ஒரு பெருக்கல்தான்.

ஈலிங் அம்மன் கோயில் தேருக்குப் போயிருந்தால் இது உடனே விளங்கும். வீதி நிறையச் சனம். நிரந்தரமான வழி என்று ஒன்றும் கிடையாது. ஆட்கள் அசையும்போது ஒரு இடைவெளி திறக்கும், அடுத்த நிமிஷம் மூடும். அந்த நேரம் பார்த்து ஒரு சின்னப் பிள்ளை நழுவி முன்னுக்குப் போய்விடும். பெரியவர் நின்ற இடத்திலேயே நிற்பார். பொலிமர் சங்கிலிகள் அந்தச் சனம். இடைவெளி திறந்து மூடுகிற அந்த விளையாட்டுத்தான் பரவல்.

ஆனால் அதே கூட்டத்தில் இன்னொன்றும் நடக்கும். உங்கள் மாமி உள்ளே நின்று, "இஞ்ச வாங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்தால், நீங்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் உள்ளே போய்விடுவீர்கள். தெரிந்த முகத்துக்கு இடம் கிடைக்கும். அதுதான் கரைதல். கார்பன் டைஒக்சைட்டுக்கு றப்பருக்குள் நிறையச் சொந்தக்காரர். அதனால்தான் ஹைட்ரஜனை முந்துகிறது. ஹைட்ரஜன் சின்னது, வேகமாக ஓடும். ஆனால் கூட்டத்துக்குள் அதைக் கூப்பிட ஆள் குறைவு.

தங்கச்சி, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்.

உங்கள் கண்ணில் இருக்கும் அலகு

ஊடுருவலை அளக்கும் அலகின் பெயர் பாரர். நியூசிலாந்தில் பிறந்து, 1954 முதல் சவுத் கென்சிங்டனில் இம்பீரியல் கொலிஜில் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் பாரரின் பெயர் அது.

கொன்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு இந்த அலகு ஏற்கெனவே பழக்கம். லென்ஸ் விவரத்தில் 'டீகே' என்று ஒரு எண் இருக்கும். அது ஒக்சிஜன் ஊடுருவல்தான், வழமையான அலகில் எழுதினால் பாரர் எண்ணும் அதுவும் ஒன்றே. கண்ணின் முன் படலத்தில் இரத்தக் குழாய் இல்லை. விழித்திருக்கும்போது அது ஒக்சிஜனைப் பெரும்பாலும் நேரே காற்றிலிருந்துதான் எடுக்கிறது. பழைய பெர்ஸ்பெக்ஸ் லென்ஸ் ஒக்சிஜனை ஏறக்குறைய முழுதாக மறித்தது. 1990களின் கடைசியில் கெமிஸ்ட்ரிக்காரர் சிலிக்கோனையும் நீர் பிடிக்கிற மென் பொலிமரையும் ஒரே பொருளாக இணைத்தார்கள். சிலிக்கோனின் சங்கிலி மிகவும் வளைந்து கொடுக்கும், இடைவெளி நிறையத் திறக்கும். அதனால் டீகே பல மடங்கு ஏறியது. ஒரு சவ்வை இரசாயன முறையில் மாற்றினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதை விடப் பக்கத்தில் உதாரணம் இல்லை.

ஒன்று கூடினால் மற்றது குறையும்

கண்ணுக்கு ஒக்சிஜன் போனால் போதும், நைட்ரஜன் கூடப் போனாலும் பரவாயில்லை. தொழிற்சாலைக்கு அப்படியில்லை. அங்கே ஒன்று போகவேண்டும், மற்றது நிற்கவேண்டும். ஒன்று மற்றதை விட எத்தனை மடங்கு வேகமாகப் போகிறது என்பதைத் தெரிவுத்திறன் என்று சொல்வோம்.

சிலிக்கோன் றப்பரில் ஒக்சிஜன் ஊடுருவல் ஏறத்தாழ 600 பாரர். ஆனால் ஒக்சிஜன் நைட்ரஜனை விட 2 மடங்குதான் வேகம். பொலிசல்போன் என்ற இறுகிய பிளாஸ்டிக்கில் அது 5 மடங்குக்கு மேல். ஆனால் ஊடுருவல் வெறும் 1.4 பாரர். தேரில் சனம் தளர்வாக நின்றால் எல்லோரும் போவார்கள். இறுகி நின்றால் பிள்ளைகள் மட்டும் போவார்கள், அதுவும் ஊர்ந்து ஊர்ந்து.

நம் தொழிலில் இது பழைய கதை. ஸ்பாம் பில்டரை இறுக்கினால் நல்ல மெயிலும் தொலையும், தளர்த்தினால் குப்பையும் உள்ளே வரும். 1991இல் லொயிட் ரோப்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதுவரை அளந்த பொலிமர்களை எல்லாம் ஒரே வரைபடத்தில் குத்திப் பார்த்தார். மேல் மூலையில் ஒரு சாய்ந்த கோடு தெரிந்தது. அதைத் தாண்டி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. 'ரோப்சன் எல்லை' என்று இன்றும் சொல்கிறார்கள். 2008இல் அவரே அந்தக் கோட்டைத் திரும்ப வரைய வேண்டி வந்தது. இடைப்பட்ட காலத்தில் அதைத் தள்ளிவிட்டார்கள்.

ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் பருமன் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஒன்று 0.346 நானோமீற்றர், மற்றது 0.364. இந்த 0.018 நானோமீற்றருக்காகத்தான் இவ்வளவு பாடு.

கெமிஸ்ட்ரி எங்கே கை வைக்கிறது

கரைதல், பரவல், இறுக்கம் என்று மூன்று இடத்தில் கை வைக்கலாம்.

முதலாவது, சொந்தக்காரரைக் கூட்டுவது. கார்பன் டைஒக்சைட்டுக்குப் பிடித்த குழுக்களைச் சங்கிலியில் ஒட்டுவார்கள், உதாரணமாக ஈதர் ஒக்சிஜன், அமீன். பருமனில் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிற வாயுக்களைக்கூட இப்படிக் கரைதலால் பிரிக்கலாம்.

இரண்டாவது, சங்கிலியின் வடிவத்தை மாற்றுவது. 2004இல் மான்செஸ்டரில் பீட்டர் பட், நீல் மெக்கியோன் குழுவினர் பிம்-1 என்ற பொலிமரைக் கொண்டுவந்தார்கள். அதன் சங்கிலி விறைப்பானது, அதோடு இடையிடையே முறுக்கி மடிந்தது. உலர்ந்த முருங்கைக் கொப்புகளை ஒரு பெட்டிக்குள் திணித்தால் எப்படி? எவ்வளவு அமுக்கினாலும் நடுவில் வெளி இருக்கும். ஸ்பகெட்டி போல ஒன்றோடொன்று படிந்து கிடக்காது. அதனால் கார்பன் டைஒக்சைட் ஊடுருவல் ஆயிரக்கணக்கான பாரருக்குப் போனது.

மூன்றாவது, சவ்வைச் செய்து முடித்த பிறகு சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டுவது. இதற்குப் பெயர் குறுக்குப் பிணைப்பு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பொலிஇமைட் சவ்வை டைஅமீன் கரைசலில் ஊறவைத்தே இதைச் செய்து காட்டினார்கள். கேம்பிரிட்ஜில் சிலெய் சொங், ஈசன் சிவனையா ஆகியோர் குழு பிம்-1ஐ எடுத்துக்கொண்டது. 2013இல் அதன் மேற்பரப்பில் ஒக்சிஜனோடு புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். 2014இல் மிகக் கொஞ்ச ஒக்சிஜன் இருக்கும்போது 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினார்கள். இரண்டு முறையிலும் சவ்வின் தெரிவுத்திறன் நன்றாக ஏறியது. பெரிய வெளியை வைத்துக்கொண்டே வாசலை மட்டும் ஒடுக்கியது போல. சொங் இப்போது இம்பீரியலில், பாரர் இருந்த அதே வளாகத்தில். சிவனையா ஜப்பானில், கியோட்டோ பல்கலைக்கழகத்தில். அந்தப் பெயரை ஆய்வுக் கட்டுரையில் பார்த்ததும் நான் ஒருமுறை ஸ்குரோல் பண்ணுவதை நிறுத்திவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படியென்றால் ஏன் எங்கும் இல்லை?

இருக்கிறது, நாம் கவனிப்பதில்லை. போயிங் 787இல் பறந்திருந்தால் நீங்கள் ஒரு வாயுச் சவ்வோடு பறந்திருக்கிறீர்கள். 1996இல் நியூயோர்க் அருகே டிடபிள்யூஏ 800 விமானத்தின் எரிபொருள் டாங்கி வெடித்து 230 பேர் இறந்தார்கள். அதன்பின் டாங்கிக்குள் நைட்ரஜன் கூடிய காற்றை நிரப்பும் முறை வந்தது. அந்தக் காற்றைத் தருவது வைக்கோல் போல உள்ளே குழலான பொலிமர் நார்க் கட்டு. கவுன்சில் எடுத்துப்போகிற உணவுக்கழிவில் இருந்து வரும் பயோகாஸில் கார்பன் டைஒக்சைட்டை நீக்கி மீதேனை எடுப்பதற்கும் இத்தகைய நார்கள் பல ஆலைகளில் வேலை செய்கின்றன.

ஆனால் ஆய்வகத்தில் நூற்றுக்கணக்கான பொலிமர் பிறக்க, வாயுப் பிரிப்பு வியாபாரத்தில் பெரும்பங்கு பத்துக்கும் குறைவான பழைய பொலிமர்களிடமே இருந்து வந்திருக்கிறது. காரணங்கள் இவை.

தடிப்பு: சவ்வு தடித்தால் வாயு மெதுவாகும். ஆகவே வேலை செய்யும் தோல் ஒரு மைக்கிரோமீற்றரிலும் மெல்லியதாக இருக்கவேண்டும். 1960ஐ ஒட்டிக் கலிபோர்னியாவில் சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் இருவரும் கடல்நீருக்காக இதற்கு வழி கண்டார்கள்: நுண்துளை நிறைந்த தடித்த அடிப்பகுதியின் மேல் ஒரு மெல்லிய தோல். பிறகு வாயுவுக்கும் அதே வழிதான்.

ஓட்டை: இவ்வளவு மெல்லிய தோலில் ஒரு ஊசித்துவாரம் இருந்தால் எல்லா வாயுவும் அதற்குள்ளால் பாயும், தெரிவுத்திறன் போய்விடும். 1980ஐ ஒட்டி மொன்சாண்டோ நிறுவனத்தார் பொலிசல்போன் நாரின் மேல் சிலிக்கோன் பூசி அந்தத் துவாரங்களை அடைத்தார்கள். பிரிக்கிற வேலையைப் பொலிசல்போனே செய்தது, சிலிக்கோன் வெறும் பட்ச். அமோனியா ஆலைகளில் வீணாகப் போன ஹைட்ரஜனை மீட்க அந்தச் சவ்வு சந்தைக்கு வந்தது.

முதுமை: பிம்-1 போன்றவற்றின் வெளி நிரந்தரம் இல்லை. நாட்கள் போகப் போகச் சங்கிலிகள் மெல்லமாகச் சரிந்து வெளியை நிரப்பும், ஊடுருவல் விழும். தோல் மெல்லியதென்றால் இன்னும் வேகமாக விழும். இன்னொரு பக்கம், அழுத்தம் கூடிய கார்பன் டைஒக்சைட் சவ்வுக்குள் நிறையக் கரைந்து அதை இளக வைக்கும். இளகினால் எல்லோருக்கும் வழி. சவ்வு சல்லடை என்றால் இந்த இரண்டு பிரச்சினையும் வரவே வராது. கம்பி வலையின் கண் தானாக மூடுமா? குறுக்குப் பிணைப்பின் உண்மையான பெறுமதி இங்கேதான். வேகத்தைக் கூட்டுவதை விட, இருக்கிற வடிவத்தைக் காப்பாற்றுவது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2016இல் 'நேச்சர்' இதழில் ஷோல், லைவ்லி என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள்: உலகம் செலவழிக்கும் சக்தியில் 10 முதல் 15 சதவீதம், காய்ச்சி வடித்தல் போன்ற முறைகளால் பொருட்களைப் பிரிப்பதற்கே போகிறது. சவ்வுக்குக் காய்ச்சத் தேவையில்லை. இரண்டு பக்கமும் அழுத்த வித்தியாசம் போதும். ஆனால் மின்நிலையப் புகையில் கார்பன் டைஒக்சைட் கொஞ்சம், அழுத்தமும் குறைவு. அந்த வித்தியாசத்தை உண்டாக்கவும் சக்தி வேண்டும். ஆகவே எபிசோடில் நான் சொன்ன "சவ்வு வந்தால் பிரச்சினை தீர்ந்தது" என்ற வசனத்தையும் திரும்பப் பெறுகிறேன்.

அடுத்த முறை செய்தி வந்தால்

"அதிசயச் சவ்வு கண்டுபிடிப்பு" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இந்த மூன்றைக் கேளுங்கள்.

1. எத்தனை நாள் பழைய சவ்வில் அளந்தார்கள்? செய்த அன்றா, ஆறு மாதம் கழித்தா?
2. ஒவ்வொரு வாயுவாக அளந்தார்களா, கலந்த வாயுவிலா? உண்மையான ஆலையில் நீராவியும் அழுக்கும் சேர்ந்தே வரும்.
3. தோல் எவ்வளவு தடிப்பு? தடித்த படலத்தில் வந்த எண் மெல்லிய நாரில் அப்படியே வராது.

ஒரு மென்பொருள் நம் லப்டொப்பில் ஓடினால் முடிந்தது என்று நாம் நினைப்பதில்லையே. இதுவும் அப்படித்தான்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரே மாதிரி இரண்டு றப்பர் பலூன். ஒன்றைச் சைக்கிள் பம்பால் காற்றடித்துக் கட்டுங்கள். மற்றதற்குள் இரண்டு கரண்டி அப்பச்சோடா போட்டு, வினாகிரி உள்ள போத்தல் வாயில் மாட்டிக் கவிழ்த்துங்கள். பொங்கி வருவது கார்பன் டைஒக்சைட். இரண்டும் ஒரே அளவாக இருக்கவேண்டும். ஒரு நூலால் சுற்றளவை அளந்து எழுதுங்கள். அடுத்த நாள் அதே நேரம் திரும்ப அளவுங்கள். எது கூடச் சூம்பியிருக்கும் என்பதை அளக்க முதலே எழுதி வையுங்கள். சல்லடை என்று நம்பினால் ஒரு விடை வரும், கிரஹாமை நம்பினால் வேறு விடை வரும்.

அளவுகளை எனக்கு அனுப்புங்கள், அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன். எழுதின தங்கச்சிக்கு நன்றி. பிழை கண்டால் இனியும் இப்படியே எழுதுங்கோ.

அடுத்த கிழமை சந்திப்போம்.